நாலு சக்கரக் கணக்கு – 11: 114.3 என்கிற எண்

ஸ்விஃப்டின் கீழ் மாடலுக்கு 165/80 ஆர்14 டயர், மேல் மாடலுக்கு 185/65 ஆர்15. முன்னது 619.6 மி.மீ. உயரம், பின்னது 621.5. ரிம் ஒரு இஞ்ச் பெருத்தாலும் சக்கரம் வளரவில்லை என்று போன வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஆஃப்செட் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் 114.3 வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது.

வீலில் நட்டு இறங்கும் துளைகளின் மையங்களைத் தொட்டு ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்தின் விட்டம்தான் அலாய் கடைகளில் சொல்கிற பிசிடி. ஸ்விஃப்டுக்கு நாலு துளை, 100 மி.மீ. நம் ஊர் போலோவுக்கு ஐந்து துளை, அதே 100. ஆக்டேவியாவுக்கு 112. பிஎம்டபிள்யூ வெகுகாலம் 120 வைத்திருந்தது. எல்லாம் முழு எண்கள். அப்புறம் க்ரெட்டாவுக்கும் இன்னோவா க்ரிஸ்டாவுக்கும் வந்தால் 114.3! வரைபலகை முன்னால் உட்கார்ந்த எந்த இன்ஜினியர் அந்தப் புள்ளி மூன்றைக் கேட்டு வாங்கியிருப்பார்?

யாரும் கேட்கவில்லை. 114.3-ஐ 25.4-ஆல் வகுத்துப் பாருங்கள். துல்லியமாக நாலரை. மி.மீ. சட்டை போட்டுக்கொண்டு திரிகிற நாலரை இஞ்ச் அது. 1964-இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங்கின் வி8 வண்டிக்கும் ஐந்து துளை, நாலரை இஞ்ச். கொரிய கம்பெனியின் க்ரெட்டாவும், ஜப்பானிய கம்பெனியின் இன்னோவாவும், டெட்ராய்ட்டின் மஸ்டாங்கும் இந்த ஒரு வட்டத்தில் பங்காளிகள்.

இது பிடிபட்டதும் மற்ற விசித்திர எண்களையும் வகுக்க ஆரம்பித்தேன். ஜிப்ஸிக்கும் ஜிம்னிக்கும் 139.7. வகுத்தால் ஐந்தரை இஞ்ச். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கும் ஐந்து துளை, ஐந்தரை இஞ்ச்தான். இஞ்ச் என்பதே சரியாக 25.4 மி.மீ. என்று அமெரிக்காவும் பிரிட்டனும் மற்ற நாடுகளும் ஒப்புக்கொண்டது 1959-இல். அதற்கு முன் அமெரிக்க இஞ்ச் ஒரு நூலின் நூலளவு பெரியது. நாலரை இஞ்சுக்கு அந்த வித்தியாசம் மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வீல் மாட்டுகிறவருக்கு இதனால் ஒரு பயனும் கிடையாது. எனக்குத்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பயனுள்ளதைச் சொல்கிறேன். பிசிடி தெரிய, நாலு துளை வீலில் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து துளையில் எதிரே துளை இருக்காது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையங்களை அளந்து 0.588-ஆல் வகுக்க வேண்டும். 112 என்றால் அந்த இடைவெளி 65.8 மி.மீ.; 114.3 என்றால் 67.2. ஒன்றரை மி.மீ. கூட இல்லாத இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்து, "உட்கார்ந்துடும் சார்" என்று சொல்கிறவரிடம் வெர்னியர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

'உட்கார்ந்துடும்' கோஷ்டிக்கு அதிகம் இரையானவை ஃபியட் வண்டிகள். பாலியோ, புன்டோவுக்கெல்லாம் நாலு துளை, 98 மி.மீ. சந்தையில் மலிந்து கிடப்பதோ 100. கோவை நண்பர் ஒருவர் பழைய புன்டோ வாங்கினார், மினுமினுவென்று அலாய். கழற்றிப் பார்த்தால் 100 மி.மீ. வீலை 98-இல் ஏற்றி முறுக்கியிருந்தார்கள். ஃபியட்டில் நட்டு கிடையாது, போல்ட்தான். ஒவ்வொரு துளையும் ஒரு மி.மீ. தள்ளி நிற்பதால் போல்ட்டின் தலை ஒரு பக்கமாகவே அழுந்தியிருந்தது. அப்படி அழுந்துகிற போல்ட் ஓட்டத்தில் தளரும், தளராவிட்டால் வளையும்.

சரி, பிசிடி பொருந்திவிட்டால் முடிந்ததா? க்ரெட்டா வீலின் நடுத்துளை 67.1 மி.மீ.; இன்னோவாவின் ஹப் 60.1. க்ரெட்டா அலாயை இன்னோவாவில் மாட்டினால் சுற்றிலும் மூன்றரை மி.மீ. காற்று. வீலை நடுவில் நிறுத்தும் பொறுப்பு முழுக்க நட்டுகளின் தலையில் விழும். மையம் மயிரிழை பிசகினாலும் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் கையில் நடுங்கும். பேலன்சிங் மெஷினில் எத்தனை தடவை ஏற்றினாலும் தீராது. ஏனென்றால் மெஷின் வீலை அதன் நடுத்துளையில் பிடிக்கிறது, வண்டி அப்படிப் பிடிக்கவில்லை. அந்த இடைவெளியை அடைக்கும் சில நூறு ரூபாய் ஹப் ரிங் இதற்கு மருந்து. தலைகீழாக, இன்னோவா வீல் க்ரெட்டாவில் ஏறவே ஏறாது. லேத்தில் கொடுத்துக் குடையலாம் என்று யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்.

நட்டையும் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் சொந்த வீலில் நட்டு உட்காரும் குழி பந்து வடிவம். வெளியில் வாங்கும் அலாய்களில் பெரும்பாலும் கூம்பு. பழைய நட்டையே போட்டு முறுக்கினால் இறுகியது போலத் தெரியும், தொடும் இடமோ ஒரு மெல்லிய வளையம்தான். மாருதி நட்டின் மரை 12-க்கு 1.25 (விட்டத்துக்கு மரை இடைவெளி, மி.மீ.-இல்), ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய் 12-க்கு 1.5. மாற்றிப் போட்டால் ஸ்டட்டின் மரை போகும்.

இடம் தீர்ந்துவிட்டது. வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதில் எங்கே குறுக்கிடுகிறது என்பதைத் தனியே எழுத வேண்டும். ஆஃப்செட் நிச்சயம் அடுத்த வாரம். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள்: பஞ்சருக்கோ ரொட்டேஷனுக்கோ வீலைக் கழற்றும்போது உட்புறத்தில் 'ஈடி' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைக் குறித்து வையுங்கள். ஸ்டெப்னியின் எண்ணையும் சேர்த்து.