உறையின் கதையை உரைக்கும் நீர்



அன்னவாசலுக்கு அருகே, சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் ஒன்பதாம் நூற்றாண்டின் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. அதன் பூச்சு பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. எஞ்சியதன் உள்நிலையை அறியச் சுரண்டினால் ஓவியமே போய்விடும். அங்கு நின்றபோது, மூளையை ஆராய்வோரின் இடர்ப்பாடும் இதுவன்றோ என்று எண்ணினேன்.

நம் நரம்பிழைகள் பலவற்றை மயலின் என்னும் உறை சுற்றியிருக்கிறது. வெங்காயத் தோல்போல் படலத்தின்மேல் படலமாய் அமைந்தது அது. அதன் உலர் எடையில் பெரும்பங்கு கொழுப்பு. உறையற்ற இழையில் நரம்புச் செய்தி விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் செல்வது அரிது. தடித்த உறையுள்ள இழையில் 100 மீட்டரையும் எட்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய் இவ்வுறையைச் சிதைக்கிறது. பெரும்பாலும் இளவயதினரையே பற்றும் அந்நோயால் பார்வை மங்கும், கால்கள் தளரும்.

இறந்தோர் மூளையைச் சீவிப் பார்க்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம், கருவிலிருந்த சிசுக்களின் மூளைச் சீவல்கள் 5,132-ஐப் படமாக்கி, ‘தரணி’ என்ற பெயரில் 2024-இல் வெளியிட்டது. உயிரோடிருக்கும் நோயாளிக்கு அவ்வழி ஆகாது. அவருக்கு உதவுவது எம்.ஆர்.ஐ. என்னும் காந்த ஒத்ததிர்வுக் கருவி.

வலிய காந்தத்தின் நடுவே, ரேடியோ அலை உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைத் தூண்டுகிறது. அவை திருப்பியனுப்பும் ஒலியற்ற குரலே படமாகிறது. ஆனால் மயலின் கொழுப்பின் குரலோ, கருவி செவிசாய்க்குமுன் அடங்கிவிடும். பின், உறையை அறிவது எங்ஙனம்?

படலங்களின் இடுக்கில் சிறிது நீர் சிறைப்பட்டிருக்கிறது. அதன் குரல் ஏறத்தாழ 20 மில்லி விநாடியில் தேயும். வெளியே தாராளமாய் உலவும் நீரின் குரல் தேய 80 மில்லி விநாடி அளவு ஆகும். இவ்வேற்றுமையைக் கொண்டு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் மக்கே குழுவினர் 1994-இல் சிறைப்பட்ட நீரின் பங்கை மூளைப்படமாகவே வரைந்தனர். அப்பங்கு குறைந்த இடத்தில் உறை தேய்ந்திருக்கலாம் என்று கொள்ளலாம்.

இதனால் விளையும் நன்மை யாது? வழக்கமான படத்தில் தோன்றும் வெண்புள்ளி, அங்கே உறை அழிந்ததா, வீக்கம் மட்டுமா என்று தெளிவாய்ச் சொல்லாது. உறையை மீண்டும் வளர்க்க முயலும் மருந்து பலித்ததா என்றறியவும் அளவுகோல் வேண்டும். நீரின் சாட்சியமும் பிழையற்றதன்று. வீக்கம் அதையும் குலைக்கக்கூடும். ஆகவே மருத்துவர் நோயாளியின் நடையையும் பார்வையையும் சோதித்தே முடிவு கூறுவர்.

மாணவர்களே, உங்கள் மூளையில் இவ்வுறை இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இருபது வயதைக் கடந்தும் வளரும்.