வெள்ளைக் கிதார் மஞ்சளாவது ஏன்?

நாள்பட்ட கிதாரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அதன் மேனியில் ஒரு பொன்னிறச் சாயல் படர்ந்திருப்பதைக் கவனித்திருப்பார்கள். அது அழுக்கன்று, துடைத்தாலும் போகாது. பூச்சுக்குள்ளேயே நிகழும் ரஸாயன மாறுதலின் விளைவு அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேனாட்டுக் கிதார்களுக்குப் பெரும்பாலும் மெருகு கொடுத்தது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. பாரத தேசத்துக் காடுகளில் சிறு பூச்சிகள் மரக்கிளைகளின் மீது சுரந்து வைத்த பொருளே அது! ஆனால், அதைத் துணியில் தோய்த்துக் கையால் பன்முறை தேய்த்து ஏற்ற வேண்டும். 1920-களில் மோட்டார் வண்டிகளுக்கென நைட்ரோ ஸெல்லுலோஸ் வார்னிஷ் வந்தது. தெளித்தவுடன் உலரும் இப்பூச்சை அமெரிக்கக் கிதார் உற்பத்தியாளர்களும் கைக்கொண்டனர்.

இதன் பிறப்பு விசித்திரமானது. பஞ்சிலுள்ள ஸெல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தில் பக்குவம் செய்து பெறுவது இது. பஞ்சு வெடிமருந்துக்கு நெருங்கிய உறவு என்றே சொல்லலாம். வெயிலிலுள்ள புற ஊதாக் கிரணங்களும் உஷ்ணமும் பட்டால் அதன் அணுக்கூட்டம் மெல்லச் சிதைந்து மஞ்சள் நிறம் கொள்கிறது. சிதையும்போது வெளிப்படும் அமில வாயு, மேலும் சிதைவைத் துரிதப்படுத்துகிறது. ஆதலால், வெண்மை வெண்ணெய் நிறமாகிறது. நீலத்தின்மேல் மஞ்சள் படிந்து பச்சையாகத் தோன்றுகிறது.

சிவப்பின் கதை வேறு. 1958 முதல் 1960 வரை ஜிப்ஸன் கம்பெனி செய்த லெஸ் பால் கிதார்கள் பலவற்றில், விளிம்பிலிருந்த செஞ்சாயம் வெளிச்சத்தில் வெளிறித் தேன் நிறமாயிற்று. இங்கே மாறியது பூச்சன்று, அதில் கலந்த சாயமே.

விரிசல்களுக்கும் காரணம் உண்டு. பூச்சை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் நாளடைவில் ஆவியாகிறது. பூச்சு இறுகி நொறுங்கும் தன்மை பெறுகிறது. அடியிலுள்ள மரமோ, ஈரத்தில் பருத்தும் வறட்சியில் சுருங்கியும் இருக்கிறது. திடீர்க் குளிரும் சேர்ந்தால், பூச்சு மெல்லிய கோடுகளாய் வெடிக்கிறது. பிற்காலத்தில் வந்த பாலியெஸ்டர், பாலியூரிதேன் பூச்சுக்கள் இவ்வாறு எளிதில் வெடிப்பதில்லை.

பழைய கிதாரைப் புதிதாக்குவோம் என்று பூச்சைச் சுரண்டி மறுவர்ணம் தீட்டுபவர்கள் உண்டு. அந்தோ! அத்துடன் அதன் விலைமதிப்பில் பெரும் பங்கு போய்விடும். அசல் பூச்சு மீண்டும் வராது. ஜன்னல் வெயில் படாமல், ரப்பர் தாங்கியில் சாய்க்காமல், ஈரப்பதம் ஏறக்குறைய நூற்றுக்கு 50 என்ற அளவில் பாதுகாத்தாலே போதும். குளிரிலிருந்து கொணர்ந்த கிதாரின் பெட்டியை உடனே திறவாதிருப்பதும் நலம்.