நிரம்பிய அணையும் ஏறிய கடலும்

போர்ட் பிளேரின் லம்பா லைனில் ஒரு மழை நாளில் சாலையோர நாலாவின் சிறுபாலத்தருகே ஒதுங்கி நின்றிருந்தேன். ஓடையோ வடிகாலோ, இந்திக்காரர்கள் சொல்வதுபோலவே போர்ட் பிளேர் தமிழர்களுக்கும் அது நாலாதான். பாலத்தின் வாய்க்குக் குறுக்கே ஒரு குடிநீர்க் குழாய் போயிற்று. அதில் முதலில் ஒரு தென்னை மட்டை சிக்கியது. மட்டையில் பாலிதீன் பைகள் சிக்கின, பைகளில் சேறு அப்பியது. கால் மணி நேரத்தில் பாலத்துக்கு இந்தப் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். அந்தப் பக்கம் கணுக்கால்கூட நனையாது.

தெற்கு அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு யாரும் வடிகால் கட்ட முடியாது, மணிக்கணக்கு வேண்டும். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை ஒரு சதுர கிலோமீட்டரில் விழுந்தால் அது 5 கோடி லிட்டர். அந்த இடம் முழுக்கக் கூரையும் தாரும் சிமென்ட்டுமாக இருந்தால் ஏறத்தாழ எல்லாமே ஓடிவரும்: நொடிக்கு சுமார் 490 கன அடி. அதுவே காடாக இருந்து பத்தில் மூன்று பங்கு மட்டும் வழிந்தால் 150 கன அடிக்குள் அடங்கும். மலைச்சரிவில் வீடுகள் ஏற ஏற, அடிவாரத்து நாலா அதே அகலத்தில் இருந்தாலும் அதன் தலையில் ஏறும் சுமை மூன்று மடங்காகிறது.

இதற்கு மேல் ஓர் அணையும் இருந்தால் கதை இன்னும் சிக்கலாகும். போர்ட் பிளேருக்குக் குடிநீர் தரும் முக்கிய ஆதாரம் தனிகாரி அணை. இவ்வளவு மழை பெய்தும் கோடையில் இந்த ஊர் குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது என்பது இங்கே குடும்பம் நடத்தும் எல்லோருக்கும் தெரியும். குட்டையான ஓடைகள், பெய்த மழை சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். ஆகவே அணையை எப்போதும் நிரப்பி வைக்கத்தான் மனம் சொல்லும். வெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் அணையில் காலி இடம் இருக்க வேண்டும். ஒரே அணையிடம் இரண்டு வேலையையும் கேட்கிறோம்.

இந்த முரண் எவ்வளவு விலை கேட்கும் என்பதைச் செம்பரம்பாக்கம் ஏரி காட்டியது. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு, சென்னைக்குக் குடிநீர். 2015 டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. ஏரி ஏற்கெனவே நிறைந்த நிலையில் இருந்தது. இரவு அடையாற்றில் திறந்துவிட்டது நொடிக்கு 29,000 கன அடி. 12,000 லிட்டர் லாரியில் அளந்தால் ஒவ்வொரு நொடியும் 68 லாரி. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை ஏரியைக் கையாண்ட விதத்தைக் கடுமையாகக் குறை சொன்னது.

அந்தக் குறை நியாயம்தான். ஆனால் ஏரியை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டால் பாதிக் கதை விடுபடும். அடையாற்றுக்குச் செம்பரம்பாக்கம் ஒரு கை மட்டுமே. ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் கலங்கல் வழியே வழியும் உபரி நீரும் முடிச்சூர்ப் பக்கத்து மழையும் இன்னொரு கையாக வந்து திருநீர்மலை அருகே சேர்கின்றன. அந்தக் கையில் ஷட்டர் கிடையாது, யாரையும் கேட்காமல் வரும். ஓடையின் அகலத்தைத் தீர்மானிப்பவர் அணை திறப்பையும், அணைக்குக் கீழே விழும் மழையையும் ஒரே நேரத்தில் வருவதாக வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 2020 நவம்பர் 25 அன்று நிவர் புயல் நெருங்கியபோது, செம்பரம்பாக்கத்தில் நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதுமே முதலில் 1,000 கன அடி திறந்தார்கள். இரண்டு அடி காலி இடத்தை முன்கூட்டியே காத்து வைத்ததுதான் இங்கே பாடம்.

இது நமக்குப் புதிய யோசனையும் அல்ல. பழைய ஏரிக் கலங்கல்களின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் உச்சத்தில் இருக்கும்போது கற்களுக்கு இடையே தண்ணீர் தடையில்லாமல் வழியும். பெருமழை ஓய்ந்து, இனி வெள்ளம் வராது என்று தெரிந்த பிறகே அந்த இடைவெளிகளைப் புல்கரணையும் மண்ணும் வைத்து அடைத்து, மேலும் ஓரிரு அடி தேக்குவார்கள். பருவத்தின் முன்பாதியில் இடம் வைப்பது, பின்பாதியில் நிரப்புவது. இன்று கணினியில் வரைகிற அணை இயக்க அட்டவணையின் சாரம் அந்தக் கற்களுக்கு நடுவே இருக்கிறது. அந்தக் கலங்கலின் முன்னே நின்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு மரியாதை எழும்.

சரி, தண்ணீர் ஓடையில் இறங்கிவிட்டது. எவ்வளவு வேகமாகப் போகும்? 1889இல் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் முன்வைத்த சூத்திரத்தைத்தான் உலகம் முழுதும் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் இரண்டு விஷயம் நமக்கு முக்கியம். ஒன்று, சொரசொரப்பு. வழவழப்பான சிமென்ட் கால்வாயைவிட செடியும் குப்பையும் மண்டிய கால்வாயின் சொரசொரப்பு எண் மூன்று மடங்கு. அதே ஆழத்தில் போகும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு. மழைக்கு முன் தூர்வாருவது, அந்தக் குழாயில் சிக்கிய மட்டையை எடுத்துப் போடுவது, இவை சில்லறை வேலைகள் அல்ல. செலவில்லாமல் கால்வாயை அகலமாக்கும் வேலைகள். இரண்டாவது, சரிவு. நீர்ப்பரப்பின் சரிவு நான்கில் ஒன்றாகக் குறைந்தால் வேகம் பாதியாகும்.

தீவில் அந்தச் சரிவைக் குறைப்பது கடல். போர்ட் பிளேரில் அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 2 மீட்டர். லம்பா லைனை ஒட்டிய விமான ஓடுதளமோ கடல்மட்டத்துக்கு 4 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. இவ்வளவு தாழ்ந்த நிலத்தில் கடல் ஒரு மீட்டர் ஏறினாலும் ஓடைக்குக் கிடைக்கும் சரிவில் கணிசமான பங்கு போய்விடும். கழிமுகத்தில் ஏற்றம் நிற்கும்போது மலையிலிருந்து வரும் நீர் போக வழியில்லாமல் பின்னோக்கித் தேங்கும்.

போதாக்குறைக்கு நிலமே இறங்கியது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. வடக்கே திக்லிபூர்ப் பக்கம் உயர்ந்தது. சுனாமி அலை வடிந்த பிறகும் தெற்கு அந்தமானின் சிப்பிகாட் வயல்களை விட்டு உப்புநீர் போகவில்லை. நெல் விளைந்த இடத்தில் ஓதம் ஏறி இறங்கியது. அதற்கு முன் வரைந்த எந்த வடிகால் படத்திலும் வெளியேறும் மட்டம், நிலம் தாழ்ந்த பிறகு இருந்ததைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தது. அந்தப் படத்தை இனி நம்ப முடியாது. புதிதாக மட்டம் எடுத்தாக வேண்டும். கழிமுகத்துக் கண்டல் காட்டை அடைப்பு என்று வெட்டிவிடவும் கூடாது. கடல் அரிப்பிலிருந்து கரையைப் பிடித்து நிற்பது அதுதான்.

"நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்ற சொல்லும் மக்களை ஏமாற்றுகிறது. எந்த ஆண்டிலும் அது வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் பொருள். 30 ஆண்டு வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் அது ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 26. ஓடைக்கரையில் மனை வாங்குபவரிடம் இந்த எண்ணைச் சொல்லியாக வேண்டும்.

மழை எப்போது கொட்டும் என்பதை ஓரிரு நாள் முன்னால்தான் சொல்ல முடியும். ஓதம் அப்படியல்ல, நாளும் மணியுமாக அடுத்த ஆண்டுக்கான அட்டவணையே முன்கூட்டி அச்சாகி வந்துவிடுகிறது. அணையின் நீர்மட்டப் பலகையைப் பார்ப்பவர் கையில் அந்த அட்டவணையும் இருந்தால், ஏற்றம் முடிந்து கடல் இறங்கும் ஆறு மணி நேரத்தை ஓடைக்குக் கொடுக்கலாம். கடல் ஏறும் ஆறு மணி நேரத்தில், முடிந்தவரை, அணை பொறுத்துக்கொள்ளும்.