குழந்தைக்கு ஒரு சுஜனி

ஒரு வீட்டில் குழந்தை பிறக்கிறது. உறவினர்கள் பார்க்க வருகிறார்கள். சிலர் பணம் வைக்கிறார்கள். சிலர் சட்டை, தொப்பி வாங்கி வருகிறார்கள். வசதி உள்ளவர்கள் மோதிரம் போடுகிறார்கள். கையில் காசு இல்லாதவர் என்ன கொடுப்பது?

பீகார் மாநிலத்துப் பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பழைய புடவைகளை எடுத்தார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். கையால் தைத்தார்கள். மெல்லிய, மிருதுவான ஒரு விரிப்பு கிடைத்தது. பிறந்த குழந்தையை அதில் சுற்றினார்கள். அந்த விரிப்புக்கு ‘சுஜனி’ என்று பெயர். ‘சு’ என்றால் எளிதாக, ‘ஜனி’ என்றால் பிறப்பு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள்.

இதைத் தைக்கத் தையல் இயந்திரம் வேண்டாம். ஊசியும் நூலும் போதும். ஊசியை இதுவரை கையில் எடுக்காதவர்களும் செய்யலாம். எப்படி என்று பார்ப்போம்.

கந்தலின் தாய்

பழைய துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும்போது, பீகார் பெண்கள் ஒரு தெய்வத்தை நினைத்துக் கொள்வார்கள். அந்தத் தெய்வத்தின் பெயர் சித்திரியா மா. கந்தல் துணிகளின் தாய் அவள். சிதறிக் கிடப்பவை எல்லாம் ஒன்று சேர வேண்டும் என்பது அந்த நம்பிக்கை. தாயின் புடவை குழந்தையைச் சுற்றி இருந்தால், தாயே அணைத்திருப்பது போல இருக்கும் என்றும் நினைத்தார்கள்.

இப்படிப் பழைய துணியைத் தைக்கும் வழக்கம் இந்தியாவில் வேறு பல இடங்களிலும் உண்டு. வங்காளத்தில் ‘காந்தா’ என்பார்கள். மகாராஷ்டிரத்தில் ‘கோதடி’ என்பார்கள். கர்நாடகத்தில் ‘கவுதி’ என்பார்கள். பெயர்தான் வேறு. வேலை ஒன்றுதான்.

புதுத் துணி ஏன் வேண்டாம்?

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். விறைப்பாக இருக்கும். சாயமும் போகலாம். பிறந்த குழந்தையின் தோல் மிகவும் மெல்லியது. புதுத் துணி அதை உறுத்தும்.

பலமுறை துவைத்த பருத்திப் புடவை அப்படி அல்ல. கஞ்சி போயிருக்கும். நூல் மிருதுவாகியிருக்கும். ஈரத்தை நன்றாக உறிஞ்சும். நைலான், பாலியஸ்டர் புடவைகள் ஈரத்தை உறிஞ்சாது. அவை எவ்வளவு பழையதானாலும் வேண்டாம். பருத்திப் புடவை, வேட்டி இரண்டும் நல்லவை.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்த துணியை அப்படியே எடுத்துத் தைக்கக் கூடாது. சில குழந்தைகளுக்கு அந்துருண்டையின் நெடியே நஞ்சாகிவிடும். இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் உடையும். கடுமையான மஞ்சள் காமாலை வரும். எந்தக் குழந்தைக்கு அப்படி ஆகும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் குழந்தையின் துணி இருக்கும் பெட்டியில் அந்துருண்டை போடவே கூடாது. வேப்பிலையை நன்றாக உலர்த்தி, துணிகளுக்கு நடுவில் வைக்கலாம்.

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது பழமொழி. எடுத்த துணியை வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவையுங்கள். நன்றாக அலசுங்கள். நல்ல வெயிலில் காயவையுங்கள். பிறகு, ஈரமான வெள்ளைத் துணியால் அதைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சாயம் ஒட்டினால் அந்தப் புடவை வேண்டாம்.

தேவையான பொருள்கள்

1. ஒரு பழைய பருத்திப் புடவை
2. ஊசி 2
3. பருத்தித் தையல் நூல்
4. தற்காலிகமாகத் தைக்க வேறு நிறத்தில் ஒரு நூல்
5. கத்தரிக்கோல்
6. அளவு நாடா
7. துணியில் கோடு போடும் சாக்குக்கட்டி

அளவும் கணக்கும்

முடிந்த சுஜனி 36 அங்குல நீளமும் 30 அங்குல அகலமும் இருக்கட்டும். இதற்கு நான்கு துண்டுகள் வேண்டும்.

மேல் துணி 1: நீளம் 38, அகலம் 32 அங்குலம்.
கீழ்த் துணி 1: நீளம் 38, அகலம் 32 அங்குலம்.
உள் துணி 2: நீளம் 36, அகலம் 30 அங்குலம்.

மேல் துணியும் கீழ்த் துணியும் ஏன் பெரிதாக இருக்கின்றன? ஓரத்தை உள்ளே மடிக்க ஒவ்வொரு பக்கமும் 1 அங்குலம் வேண்டும்.

ஒரு புடவை போதுமா? புடவையின் அகலம் சுமார் 45 அங்குலம். எனவே 38 அங்குலம், 36 அங்குலம் என்ற நீளங்களைப் புடவையின் அகலத்திலேயே எடுக்கலாம். புடவையின் நீளத்தில் எவ்வளவு வேண்டும்? 32, 32, 30, 30. கூட்டினால் 124 அங்குலம். ஐந்தரை மீட்டர் புடவை சுமார் 216 அங்குலம் இருக்கும். 124 போக 92 அங்குலம் மிஞ்சும்.

வெட்டும் முன் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் தெரியும். அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு வெட்டுங்கள். ஜரிகை இருந்தால் அதையும் வெட்டி எடுத்துவிடுங்கள். ஜரிகை குழந்தையின் தோலைக் கீறும். உள் துணி முழுத் துண்டாகக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. சிறு துண்டுகளை ஒட்டுப் போட்டுச் சேர்க்கலாம்.

தைக்கும் முறை

முதலில் அடுக்க வேண்டும். சுத்தமான தரையில் கீழ்த் துணியை விரியுங்கள். அதன் நடுவில் இரண்டு உள் துணிகளையும் வையுங்கள். நான்கு பக்கமும் கீழ்த் துணி 1 அங்குலம் வெளியே தெரிய வேண்டும். அதன் மேல் மேல் துணியை விரியுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் தடவிச் சுருக்கத்தை எடுங்கள்.

அடுத்தது தற்காலிகத் தையல். வேறு நிற நூலால் நீண்ட தையல்களாகப் போடுங்கள். ஒவ்வொரு தையலும் 2 அங்குலம் இருக்கலாம். 6 அங்குலத்துக்கு ஒரு வரிசை போதும். நடுவில் தொடங்கி வெளியே செல்லுங்கள். ஓரத்தில் 2 அங்குலம் விட்டு நிறுத்துங்கள். இந்தத் தையல் துணிகளை நகராமல் பிடித்துக்கொள்ளும். கடைசியில் இதைப் பிரித்துவிடலாம்.

மூன்றாவது, ஓரம் மடித்தல். கீழ்த் துணியின் ஓரத்தை உள் துணியின் மேல் மடியுங்கள். மேல் துணியின் ஓரத்தை உள்பக்கமாக மடியுங்கள். இரண்டு மடிப்பும் நேருக்கு நேர் வர வேண்டும். ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளிச் சுற்றிலும் தையுங்கள். இப்போது நூல் பிரியும் ஓரம் எதுவும் வெளியே தெரியாது.

நான்காவது, ஓட்டுத் தையல். சுஜனியின் உயிரே இதுதான். நீளவாக்கில் நடுவே ஒரு கோடு போடுங்கள். அதன் இரு பக்கமும் 1 அங்குலத்துக்கு ஒரு கோடு போடுங்கள். மொத்தம் 29 கோடுகள் வரும்.

நூலை ஒரு கை நீளம் மட்டும் வெட்டுங்கள். அதற்கு மேல் போனால் சிக்கு விழும். நூலின் நுனியில் சிறு முடிச்சுப் போடுங்கள். தொடங்கும் இடத்துக்கு 1 அங்குலம் தள்ளி, மேல் துணியில் மட்டும் ஊசியைக் குத்துங்கள். தொடங்கும் இடத்தில் ஊசியை வெளியே எடுங்கள். நூலை மெதுவாக இழுத்தால் முடிச்சு துணிக்குள் போய் மறையும். குழந்தையின் உடலில் முடிச்சு உறுத்தாது.

இனி ஊசியைக் கீழே இறக்குங்கள். மேலே ஏற்றுங்கள். மீண்டும் இறக்குங்கள். நான்கு துணிகளிலும் ஊசி புகுந்து வர வேண்டும். ஒவ்வொரு தையலும் ஓர் அரிசி நீளம் இருந்தால் நல்லது. முதல் நாளில் அப்படி வராது. ஒன்று நீளும். ஒன்று குறுகும். பத்துக் கோடு தைப்பதற்குள் கை பழகிவிடும்.

நூலை இறுக்கி இழுக்கக் கூடாது. இறுக்கினால் துணி சுருங்கும். நான்கு தையலுக்கு ஒரு முறை துணியை விரலால் நீவி விடுங்கள். நூல் முடியும்போது, அதே இடத்தில் இரண்டு முறை சிறிதாகத் தைத்து நூலை வெட்டுங்கள்.

நாளுக்கு 3 கோடு தைத்தால் பத்து நாளில் 29 கோடும் முடிந்துவிடும். கடைசியாகத் தற்காலிகத் தையலைப் பிரித்து எடுங்கள்.

படம் போடலாமா?

போடலாம். பீகார் பெண்கள் முதலில் படத்தின் வெளிக்கோட்டைக் கறுப்பு அல்லது பழுப்பு நூலால் சங்கிலித் தையலாகப் போடுவார்கள். உள்ளே வண்ண நூலால் ஓட்டுத் தையல் போட்டு நிரப்புவார்கள். சூரியன், மேகம், விலங்குகள், இறக்கை முளைத்த உருவங்கள் எல்லாம் அதில் வரும். சிவப்பு நூல் இரத்தத்தையும் உயிரையும் குறிக்கும். மஞ்சள் நூல் சூரியனைக் குறிக்கும்.

புதிதாகத் தைப்பவர்கள் ஒரு மீன் அல்லது ஒரு பறவையோடு நிறுத்திக்கொள்ளலாம். அதைவிட நல்லது ஒன்று உண்டு. குழந்தையின் பெயரையும் பிறந்த தேதியையும் தைக்கலாம். சாக்குக்கட்டியால் எழுத்தை நீங்களே எழுதுங்கள். எழுதிய கோட்டின் மேல் தையுங்கள். எழுதக் கற்றுக்கொண்ட கை தரும் பரிசு அது.

பிறந்த தேதி துணியில் இருந்தால் மட்டும் போதாது. அரசின் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பெயர் வைக்காவிட்டாலும் பதிவு செய்யலாம். பெயரை ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேருவது முதல் பல வேலைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம்.

பாதுகாப்பு

தைக்க உட்காரும்போது ஊசிகளை எண்ணுங்கள். எழுந்திருக்கும்போது மீண்டும் எண்ணுங்கள். ஊசி உடைந்தால் இரண்டு துண்டும் கிடைக்கும் வரை வேலையை நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தைச் சுஜனி முழுவதும் தடவிப் பாருங்கள். ஊசி முனை இருந்தால் காந்தத்தில் இழுபடும்.

பொத்தான், மணி, கண்ணாடி, ஜிகினா எதையும் தைக்காதீர்கள். அவை பிய்ந்து வந்தால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ரிப்பனோ நாடாவோ தொங்கவிடாதீர்கள். அது கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

தூங்கும் குழந்தைக்குச் சுஜனி கீழே விரிப்பாக இருக்கட்டும். சுருக்கம் இல்லாமல் விரியுங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். முகத்தை எதனாலும் மூடாதீர்கள்.

சுஜனி மெல்லியது. துவைத்தால் வெயிலில் விரைவில் காயும். குழந்தை நனைத்துவிடும் அல்லவா? அதனால் இரண்டு சுஜனி இருந்தால் நல்லது. ஒன்று காயும்போது மற்றது உதவும்.

வீட்டு வேலை தொழிலானது

முசாபர்பூர் மாவட்டத்தில் புசுரா என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கும் பெண்கள் சுஜனி தைத்து வந்தார்கள். அது வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே. நாளடைவில் வழக்கம் குறைந்தது. 1988இல் பெண்கள் ஒன்றுகூடி அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். விற்பதற்காகத் தைக்கத் தொடங்கினார்கள்.

அப்போது படங்களும் மாறின. தங்கள் வாழ்க்கையையே பெண்கள் துணியில் தைத்தார்கள். வரதட்சணைக் கொடுமையைத் தைத்தார்கள். பெண் சிசுக்கொலையைத் தைத்தார்கள். பள்ளிக்குப் போகும் பெண் பிள்ளையைத் தைத்தார்கள். வாயால் சொல்லத் தயங்கியதை ஊசி சொன்னது.

2006இல் பீகார் சுஜனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பெயர் இந்த ஊர்க் கலைக்கே உரியது என்று அரசு தரும் பதிவு அது. புசுராவில் பெண்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தவர் நிர்மலா தேவி. அவருக்கு 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நீங்களும் ஒருநாள் தைத்து விற்கலாம். அப்போது ஒரு கணக்கை மறந்துவிடக் கூடாது. ‘புடவை பழசு, நூல் மட்டும்தானே செலவு’ என்று வாங்குபவர் சொல்லலாம். நாளுக்கு 2 மணி நேரம் வீதம் பத்து நாள் தைத்தால் 20 மணி நேரம் ஆகிறது. ஒரு மணி நேரத்துக்கு 40 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். கூலி மட்டுமே 800 ரூபாய். நூலின் விலையை அதோடு கூட்ட வேண்டும். வீட்டில் உட்கார்ந்து செய்தாலும் உழைப்பு உழைப்புதான். அதற்கு விலை உண்டு.

நினைவில் வையுங்கள்

* பழைய பருத்தித் துணி மட்டுமே எடுக்க வேண்டும்.
* வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும்.
* குழந்தைத் துணியில் அந்துருண்டை கூடாது.
* ஊசிகளை எண்ணி எடுத்து, எண்ணி வைக்க வேண்டும்.
* 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும்.

பேசுவோம், செய்வோம்

1. உங்கள் வீட்டில் குழந்தைக்குப் பழைய துணியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?
2. ஒரு புடவையில் சுஜனி தைத்த பின் 92 அங்குலம் மிஞ்சுகிறது. அதைக் கொண்டு குழந்தைக்கு வேறு என்ன தைக்கலாம்?
3. ஒருவர் 15 மணி நேரத்தில் ஒரு சுஜனி தைத்தார். மணிக்கு 40 ரூபாய் கூலி. நூல் 30 ரூபாய். என்ன விலை கேட்க வேண்டும்?
4. உங்களுக்குத் தெரிந்த ஒரு குழந்தையின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதுங்கள். பிறகு ஒரு சிறு துணியில் அதைத் தைத்துப் பாருங்கள்.