இதயத்தில் ஒரு குறுக்குவழி

இதய நோய் என்றதும் நம்மில் பலர் வயதானவர்களையும் மாரடைப்பையும் இரத்தக் குழாய் அடைப்பையுமே நினைக்கின்றோம். ஆனால், குழாயில் அடைப்பு இல்லாமல், தசையிலோ வால்விலோ பழுதும் இல்லாமல், மின்னோட்டத்தில் மட்டும் கோளாறு உள்ள இதயங்களும் உண்டு. அத்தகைய இதயம் ஒன்றுடன்தான் நான் 22 ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். இக்கோளாறின் பெயர் உல்ஃப் பார்க்கின்சன் வைட் நோய்க்குறி. சுருக்கமாக டபிள்யூ.பி.டபிள்யூ. என்பர். இந்த மூன்று மருத்துவர்களும் 1930ஆம் ஆண்டு, மற்றபடி நலமாக இருந்த 11 பேரிடம் இதனைக் கண்டு எழுதினர். ஆயிரம் பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இதன் அடையாளம் காணப்படுகிறது. ஆகவே, நம் பல்கலைக்கழகத்திலும் என்னைப் போன்றோர் சிலர் இருக்கக்கூடும்.

டோல் சாவடியும் கம்பத்துச் சாலையும்

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் முடிச்சு என்ற சிறு பகுதி உள்ளது. நாம் ஓய்வாக இருக்கும்போது அது நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை எழுப்புகிறது. அத்துடிப்பு மேலறைகளில் பரவி அவற்றைச் சுருங்கச் செய்கிறது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே மின்சாரம் கடக்க முடியாத நார்த்திசு உள்ளது. அதைத் தாண்ட ஒரே வாசல்தான், அதுவே ஏ.வி. முடிச்சு. ஜெர்மனியில் ஆய்வு செய்த சுனாவோ தவாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1906ஆம் ஆண்டு இதனை விளக்கினார்.

இந்த வாசலை நமது நெடுஞ்சாலையின் டோல் சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்துடிப்பு இங்கே ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடி தாமதிக்கிறது. மேலறை இரத்தம் கீழறைக்குள் முழுமையாக இறங்குவதற்கு அந்த அவகாசம் தேவை. மேலறையில் துடிப்புகள் அளவுக்கு மீறிப் பெருகினாலும், இச்சாவடி ஒரு பகுதியை மட்டுமே கீழே அனுப்பும்.

என் இதயத்தில் டோல் இல்லாத கம்பத்துச் சாலை ஒன்றும் இருக்கிறது. கரு வளரும் காலத்தில் மறைந்திருக்க வேண்டிய மெல்லிய தசை இழை ஒன்று மறையாமல் தங்கிவிட்டது. துடிப்பு சில வேளைகளில் டோல் வழியாகக் கீழே இறங்கி, கம்பத்துச் சாலை வழியாக மேலே திரும்பி, மீண்டும் கீழே இறங்குகிறது. இப்படி அது வட்டமடிக்கத் தொடங்கினால், நிமிடத்திற்கு 150க்கும் மேலாக, சிலருக்கு 200க்கும் மேலாக இதயம் துடிக்கும். தொடங்குவதும் நிற்பதும் சுவிட்சைத் தட்டியதுபோல் திடீரென நிகழும்.

பயம் என்று சொன்னார்கள்

நான்காம் படிவத்தில் வலைப்பந்துப் பயிற்சியின்போது எனக்கு முதன்முறையாக இவ்வாறு நேர்ந்தது. கிளினிக்கிற்குப் போய்ச் சேர்வதற்குள் துடிப்பு சீராகிவிட்டது. வெயில் என்றும் தேர்வு பயம் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள், இ.சி.ஜி. எடுக்கவில்லை. பாட்டியோ, "பிள்ளை எங்கேயோ பயந்திருக்கு, மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க" என்றார். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது அறைத்தோழி என்னை அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்ற இரவில்தான் உண்மை தெரிந்தது. கருவி 204 என்று காட்டியது. அடினோசின் ஊசி போட்டார்கள். அது ஏ.வி. முடிச்சைச் சில விநாடிகள் அடைத்து வட்டத்தைத் துண்டிக்கும். அந்தச் சில விநாடிகளில் நெஞ்சு அழுந்தி உயிரே போவது போலிருந்தது. பிறகு துடிப்பு சீரானது.

சீரான பின்னர் எடுத்த இ.சி.ஜி.யிலும் தடயம் இருந்தது. குறுக்குவழியில் துடிப்பு முந்தி வருவதால் கீழறை அலையின் தொடக்கம் சரிவாகத் தெரியும். இதனை டெல்டா அலை என்பர். சிலருக்கு இது எப்போதும் தெரிவதில்லை. எனினும், ஐந்து நிமிடச் சோதனை ஒன்று பல ஆண்டுக் குழப்பத்தைத் தீர்க்கக்கூடும்.

மருத்துவர் எல்லாவற்றையும் மலாய்மொழியில் விளக்கினார். நான் ஆங்கிலத்தில் தேடிப் படித்தேன். ஆனால், "நெஞ்சுல ஓட்டையாம்மா?" என்று அம்மா கேட்டபோது தமிழில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றிருந்தும், இதயத்தை நான் விரிவாகப் படித்தது இடைநிலைப்பள்ளியில், மலாயில்தான். டோல் சாவடி உவமை அம்மாவுக்காக நான் தேடிக் கண்டது. அன்றுதான் அவர் பயம் சற்றுக் குறைந்தது.

தீர்வும் தயக்கமும்

வட்டத்தை நிறுத்த எளிய வழி ஒன்றையும் மருத்துவர் கற்றுக் கொடுத்தார். சாய்ந்தமர்ந்து 15 விநாடி அழுத்தி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுக்க, மற்றவர் கால்களை உயர்த்திப் பிடிக்க வேண்டும். இங்கிலாந்தில் நடந்து 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில், இம்முறை 100 பேரில் 43 பேருக்குப் பலன் தந்தது. ஊதுவது மட்டும் 17 பேருக்கே உதவியது. மயக்கமோ நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் இதை முயன்று காலம் கடத்தாமல் 999ஐ அழைக்க வேண்டும்.

நிலையான தீர்வு குறுக்குவழியையே அழிப்பது. 1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இதற்காக நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். இன்று தொடை இரத்தக் குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, அந்த இழையைச் சூட்டால் கருக்குகிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கும் மேலாகக் குணமடைகின்றனர். என் குறுக்குவழியோ ஏ.வி. முடிச்சின் அருகில் இருக்கலாம் என்று மருத்துவர் கருதுகிறார். டோல் சாவடி சேதமடைந்தால் ஆயுள் முழுவதும் பேஸ்மேக்கர் தேவைப்படும். எனவே, சூட்டுக்குப் பதிலாகக் குளிரால் உறைய வைக்கும் முறையையும் பரிசீலிக்கிறார். ஒன்றும் செய்யாமல் விடுவதிலும் ஆபத்து உண்டு. மேலறை தாறுமாறாகத் துடிக்கும் நிலை வந்தால், குறுக்குவழி அத்துடிப்புகளைத் தடுக்காமல் கீழே அனுப்பிவிடும். அரிதாக உயிரும் போகலாம். இரண்டையும் எடைபோட்டு, இறுதித் தேர்வு முடிந்ததும் சிகிச்சைக்குச் சம்மதித்திருக்கிறேன். பாட்டி கட்டிய கயிறு கையில் இருக்கிறது; இ.சி.ஜி. நகல் பையில் இருக்கிறது.

நண்பர்களே, "நெஞ்சு படபடக்கிறது" என்று ஒருவர் சொன்னால் உடனே பயம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். திடீரெனத் தொடங்கியதா, திடீரென நின்றதா என்று கேளுங்கள். நாடியை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள். துடிப்பு நிற்பதற்குள் இ.சி.ஜி. எடுக்க முடிந்தால் மிக நன்று. நின்றுவிட்டாலும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பின்பு, மருத்துவர் சொன்னதை வீட்டிலுள்ளோருக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்லுங்கள்.