பார்வை மங்கினாலும் மறக்காத கீர்த்தனை!

பாய் விரித்து, குடும்பமாக உட்கார்ந்து ஒரு கீர்த்தனை. பிறகுதான் இரவு ஜெபம். நெல்லை, தஞ்சை கிறிஸ்தவ வீடுகளில் பல தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம் இது.

இந்தக் கீர்த்தனைகளில் பலவற்றை எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். மிஷனரி ஸ்வார்ட்ஸின் மாணவர். ஐரோப்பிய மெட்டில் பாமாலை பாடிய சபைக்கு, நம்ம ஊர் ராக தாளத்தில் பாட்டுக் கொடுத்தார்.

பல்லவி திரும்பத் திரும்ப வரும். எதுகை, மோனை அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கும். நாலு நாள் பாடினாலே மனப்பாடம். எழுத்துத் தெரியாத அளவுக்குப் பார்வை மங்கிய பாட்டிகளும் விடியற்காலையில் தடுமாறாமல் பாடுவது இதனால்தான்.

இப்போது வரிகளை செல்போனே காட்டிவிடுவதால், மனப்பாடம் குறைகிறது. பிள்ளைகளுக்கு மாதம் ஒரு கீர்த்தனை சொல்லிக்கொடுங்கள். கரன்ட் போன ராத்திரியிலும், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அது கூடவே வரும்.