பணிமனையில் முடிவாகும் விஷயம்

மின்சாரப் பேருந்து நகரத்துக்குச் சரிப்படுமா என்று இன்னும் கேட்பவர்கள் சீனாவின் ஷென்ஜென் நகரத்தைப் பார்க்கலாம். 2017 முடிவதற்குள் அங்கே 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகள் முழுக்க மின்சாரத்துக்கு மாறிவிட்டன. நகரப் பேருந்தின் ஓட்டமே இதற்குத் தோதானது: தடம் மாறாது, ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் என்பது முன்கூட்டியே தெரியும், இரவில் பணிமனைக்குத் திரும்பிவிடும். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று கிளம்புவதில் டீசல் வீணாகிறது. மின்மோட்டாரோ வேகம் குறையும்போது கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது.

விலை அதிகம் என்பது உண்மைதான். ஷென்ஜெனிலும் அரசு மானியம்தான் கைகொடுத்தது. ஆனால் எரிபொருளிலும் பராமரிப்பிலும் மிச்சமாவதை வண்டியின் ஆயுள் முழுக்கக் கூட்டிப் பார்க்க வேண்டும். நிலக்கரியில்தானே மின்சாரம் வருகிறது என்ற கேள்வியும் நியாயமானது. அனல்மின் நிலையத்தின் புகை அப்படியேதான் இருக்கும், நிறுத்தத்தில் காத்திருப்பவர் முகத்தில் அடிக்கும் புகை இருக்காது. (அந்த ஒன்றுக்காகவே நான் ஓட்டுப் போடுவேன்.) உண்மையான சிக்கல் பணிமனையில்தான்: உயரழுத்த மின் இணைப்பு, டிரான்ஸ்ஃபார்மர், சார்ஜர்களுக்கு இடம். சென்னையில் 2025 ஜூனில் 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியபோது வியாசர்பாடி பணிமனையும் அதற்கேற்ப மாற்றப்பட்டிருந்தது. மற்ற நகரங்களும் இந்த வரிசையில்தான் போக வேண்டும்: முதலில் மின் இணைப்பு, பிறகு பேருந்து.